புரிதலுக்கா பஞ்சம்?

அரபு உலகமும் அமெரிக்காவும் ஏன் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன என்று கேட்டால், படித்தவர்களிடமிருந்து வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டு பண்பாடுகளும் ஒன்றையொன்று அறியவில்லை, இருபக்கமும் தப்பெண்ணங்கள் மண்டிக் கிடக்கின்றன, மனம்விட்டுப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும். கேட்க இதமான பதில். யார் பேரிலும் பழி போடாத பதில். கருத்தரங்க அழைப்பிதழில் அச்சடிக்கவும் தோதாக இருக்கும். சாமுவேல் ஹண்டிங்டன் 1993-இல் நாகரிகங்களின் மோதல் பற்றிக் கட்டுரை எழுதி, இனிவரும் சண்டைகள் பண்பாட்டு எல்லைகளில்தான் வெடிக்கும் என்றபோது, அவரை மறுக்கக் கிளம்பியவர்களில் பலர் கையில் எடுத்ததும் இதைத்தான்: மோதல் எதற்கு, உரையாடுவோம் வாருங்கள். ஐக்கிய நாடுகள் சபை 2001-ஆம் ஆண்டை நாகரிகங்களுக்கு இடையிலான உரையாடல் ஆண்டு என்றே அறிவித்திருந்தது. அந்த ஆண்டின் செப்டம்பர் எப்படி முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஹண்டிங்டனும் உரையாடல்காரர்களும் எதிரணிகள் போலத் தோன்றினாலும், இருவர் கணக்கும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. சிக்கலின் வேர் பண்பாட்டில் இருக்கிறது என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. தீராத வியாதி என்கிறார் ஒருவர். பேச்சு வைத்தியத்தில் குணமாகிவிடும் என்கிறார்கள் மற்றவர்கள். நான் மறுப்பது அந்தத் தொடக்கத்தையே. அரபு மக்களுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில் புரிதலுக்குப் பஞ்சம் இருந்ததாகச் சரித்திரத்தில் எனக்குத் தெரியவில்லை. தேவைக்கு மேலேயே புரிந்துவைத்திருந்தார்கள். புரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான் வழக்கு.

ஆட்சியாளர்களை முதலில் பார்த்துவிடலாம், அது எளிது. 2017 மே மாதம் ரியாத் போன டொனால்ட் ட்ரம்ப், மன்னர் சல்மானோடு சேர்ந்து வாள்நடனத்தில் தோள் அசைத்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. கூடவே 11,000 கோடி டாலருக்கு ஆயுத ஒப்பந்தம் என்ற அறிவிப்பும் வந்தது. ஹண்டிங்டன் கணக்குப்படி முட்டி மோத வேண்டிய இரு நாகரிகங்கள். ஒன்றில் அன்றைக்குப் பெண்கள் கார் ஓட்டக்கூட அனுமதி இல்லை. மற்றொன்று சுதந்திரத்துக்குச் சிலை வைத்து வாசலில் நிறுத்தியிருக்கிறது. ஆனால் எண்ணெயும் ஆயுதமும் கைமாறுவதற்குப் பண்பாடு ஒருநாளும் குறுக்கே வந்ததில்லை. 1973-இல் எண்ணெய்த் தடை வந்ததே என்று யாராவது கேட்கலாம். வந்தது, அக்டோபர் போரில் அமெரிக்கா இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்ததற்காக வந்தது. அமெரிக்கர்கள் எதைச் சாப்பிடுகிறார்கள், எப்படி உடுத்துகிறார்கள் என்பதற்காக யாரும் எண்ணெயை நிறுத்தவில்லை. அரண்மனைகளுக்கும் வாஷிங்டனுக்கும் நடுவில் இருக்கும் புரிதலைப் போல நெருக்கமான புரிதலைப் பல கூட்டுக் குடும்பங்களில்கூடப் பார்க்க முடியாது.

சரி, மக்களைப் பார்ப்போம். அரபு மக்களின் மனதை அமெரிக்கா கேட்டறிந்ததே இல்லை, அதனால்தான் இவ்வளவு வினையும் என்பார்கள். கேட்டது. நூறு வருஷத்துக்கு முன்பே, அதற்கென்று ஒரு குழுவை அனுப்பி, ஊர் ஊராகப் போய்க் கேட்டது.

1919-இல் முதல் உலகப் போர் முடிந்து ஆட்டமன் பேரரசு சிதறிக் கிடந்தது. அதன் அரபு நிலங்களை யாருக்கு எவ்வளவு என்று பாரிஸில் பேரம் நடந்துகொண்டிருந்தது. பிரிட்டனும் பிரான்சும் 1916-லேயே சைக்ஸ்–பிக்கோ ஒப்பந்தத்தில் ரகசியமாகக் கோடு கிழித்து வைத்திருந்தன. அமெரிக்க அதிபர் வுட்ரோ வில்சன், அங்கே வாழும் ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களையே கேட்டுவிடலாம் என்றார். கூட்டாளிகள் இருவரும் தங்கள் ஆட்களை அனுப்பாமல் நழுவிக்கொண்டார்கள். அமெரிக்கக் குழு மட்டும் கிளம்பியது. அதற்குத் தலைமை தாங்கியவர்கள் இருவர். ஒருவர் ஓபர்லின் கல்லூரித் தலைவர் ஹென்றி சர்ச்சில் கிங். மற்றவர் சார்லஸ் கிரேன், குழாய்ச் சாமான்கள் செய்து பணக்காரர்களான சிகாகோ குடும்பத்துப் பிள்ளை.

ஜூன் 10-ஆம் தேதி யாஃபாவில் தொடங்கி ஆறு வாரம் அலைந்தார்கள். எருசலேம், டமாஸ்கஸ், பெய்ரூட், அலெப்போ எனப் போன ஊரிலெல்லாம் முஃப்திகளும் பாதிரிமார்களும் ரப்பிகளும் வணிகர்களும் கிராமத் தலைவர்களும் முறைவைத்து வந்து பேசினார்கள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதியும் கொடுத்தார்கள். குழுவிடம் சேர்ந்த மனுக்கள் 1,863. சில மனுக்கள் ஒரே வாசகத்தில் அச்சடித்தவை, யாரோ ஏற்பாடு செய்து அனுப்பியவை; அதையும் குழு கவனித்துக் குறித்து வைத்தது. அவ்வளவு நுணுக்கமாகக் கேட்டிருக்கிறார்கள்.

ஜூலை 2 அன்று டமாஸ்கஸில் சிரியப் பொதுப் பேராயம் தன் தீர்மானத்தைக் குழுவுக்குத் தெரிவித்தது. எங்களுக்குப் பூரண சுதந்திரம் வேண்டும். சிரியாவிலிருந்து பாலஸ்தீனத்தைத் துண்டாடக் கூடாது. யாராவது ஒரு வல்லரசின் மேற்பார்வை இல்லாமல் விடமாட்டோம் என்று நீங்கள் அடம்பிடித்தால், அந்த வல்லரசு அமெரிக்காவாக இருக்கட்டும். அமெரிக்கா வரமாட்டேன் என்றால் பிரிட்டன். பிரான்ஸ் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

இதைப் படித்துவிட்டுத்தான் பண்பாட்டு இடைவெளி பற்றிப் பேச வேண்டும். உலகில் இருந்த வல்லரசுகளில் அமெரிக்காதான் எங்களுக்கு வேண்டும் என்று அரபுப் பிரதிநிதிகள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அமெரிக்கா தெரியாத ஊர் இல்லை. பெய்ரூட்டில் அமெரிக்கப் பாதிரிமார் 1866-இல் தொடங்கிய கல்லூரி அப்போதே அரை நூற்றாண்டைத் தாண்டியிருந்தது. அதுதான் 1920-இல் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஆனது. லெபனான் மலைக் கிராமங்களிலிருந்து போனவர்கள் அமெரிக்க ஊர்களில் தலைச்சுமை வியாபாரம் செய்து வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்டுக்கு இந்தப் பக்கம் காலனிகள் இல்லை, அதன் அதிபர் சுயநிர்ணயம் பற்றிப் பேசுகிறார் என்பதையும் அறிந்திருந்தார்கள். அவர்கள் கட்டிய நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது.

குழுவும் சரியாகவே புரிந்துகொண்டது. ஆகஸ்டு கடைசியில் கொடுத்த அறிக்கையில், பிரெஞ்சு ஆட்சி கூடாது என்றது. குழுவில், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைக்கும் சியோனியத் திட்டத்தின்மேல் பரிவோடு புறப்பட்டவர்களே, அது முழு வடிவில் நிறைவேற வேண்டுமானால் ஆயுதபலம் வேண்டியிருக்கும், ஆரம்பிக்கவே 50,000 வீரர்களுக்குக் குறையாமல் தேவைப்படும் என்று விசாரித்த ராணுவ அதிகாரிகள் சொன்னதை எழுதினார்கள். பிற்பாடு நடந்தவற்றை வைத்துப் பார்த்தால், அந்த வட்டாரத்தைப் பற்றி வாஷிங்டனுக்குக் கிடைத்த அறிக்கைகளில் இதைவிடத் தீர்க்கமானது அதிகம் இருக்காது.

அறிக்கை பூட்டி வைக்கப்பட்டது. 1920 ஜூலையில் மைசலூனில் அரபுப் படையை முறியடித்து பிரெஞ்சுத் துருப்புகள் டமாஸ்கஸுக்குள் நுழைந்தன. 1922 ஜூலையில் சர்வதேச சங்கம் சிரியாவைப் பிரான்சுக்கும் பாலஸ்தீனத்தைப் பிரிட்டனுக்கும் எழுதிக் கொடுத்தது. எல்லாம் முடிந்த பிறகு, அதே ஆண்டு டிசம்பரில், பத்திரிகைத் தொழிலுக்கான ஒரு அமெரிக்க இதழில் அந்த அறிக்கை அச்சானது. 1,863 மனு எழுதியவர்களில் எவரும் அமெரிக்காவைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று சொல்ல முடியுமா? அதிகமாக நம்பினார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இரண்டாவது முறையும் நடந்தது, இம்முறை உச்சியிலேயே. 1945 பிப்ரவரி 14 அன்று சூயஸ் கால்வாயை ஒட்டிய பெரும் கசப்பேரியில், குயின்சி என்ற போர்க்கப்பலில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டும் சவூதி மன்னர் இப்னு சவூதும் சந்தித்தார்கள். மொழிபெயர்க்க நின்ற வில்லியம் எடி, லெபனானின் சைதா நகரில் அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தில் பிறந்து அரபி பேசி வளர்ந்தவர். பேச்சில் இடறலே இல்லை. ஊர் திரும்பிய ரூஸ்வெல்ட், இரண்டு மூன்று டஜன் கடிதங்களில் கிடைத்திருக்காத விவரம் இப்னு சவூதிடம் ஐந்து நிமிஷம் பேசியதில் கிடைத்தது என்று காங்கிரஸிலேயே சொன்னார். அரபு மக்களுக்கு விரோதமாக எதையும் செய்யமாட்டேன் என்று ஏப்ரல் 5 அன்று மன்னருக்குக் கடிதமும் எழுதினார். ஒரு வாரத்தில் இறந்துபோனார். கடிதமும் அவரோடு போயிற்று. 1947 நவம்பரில் பாலஸ்தீனப் பிரிவினைக்கு அமெரிக்கா வாக்களித்தபோது, யாரும் யாரையும் கலந்துபேசத் தவறியதால் அது நடந்ததாகச் சொல்வது சரித்திரத்துக்கு அடுக்காது.

1956-ஐயும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும், அது மறுபக்கச் சாட்சி. எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கியதற்காக பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் எகிப்துமேல் பாய்ந்தன. அமெரிக்க அதிபர் ஐசனோவர் பிரிட்டிஷ் பவுண்டின் கழுத்தைப் பிடித்தார், மூன்று நாடுகளும் பின்வாங்கின. அரபுத் தெருக்களில் அமெரிக்காவின் மதிப்பு சட்டென்று உயர்ந்தது. அதற்காக யாரும் விளம்பரப்படம் எடுக்கவில்லை, மாணவர் பரிமாற்றம் நடத்தவில்லை. அந்த மதிப்பு இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. 1958 ஜனவரியில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்புச் சபையே ஒரு ரகசிய ஆவணத்தில் காரணத்தை எழுதிவைத்தது: அரபு தேசியத்தின் குறிக்கோள்களுக்கு அமெரிக்கா எதிரி என்றும், எண்ணெய் நலனுக்காக இருக்கிற ஆட்சிகளை அப்படியே முட்டுக்கொடுத்து நிறுத்துகிறது என்றும் பெரும்பாலான அரபுகள் நினைக்கிறார்கள். அந்த ஜூலையில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் பெய்ரூட் கடற்கரையில் இறங்கினார்கள்.

அவர்கள் ஏன் நம்மை வெறுக்கிறார்கள் என்று 2001 செப்டம்பர் 20 அன்று ஜார்ஜ் புஷ் காங்கிரஸ் முன் நின்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார், நம் சுதந்திரங்களை வெறுக்கிறார்கள் என்று. 43 வருஷம் முன்பு எழுதிய பதில் அரசாங்க அலமாரியிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தப் புரிதல் கொள்கையின் பொற்காலம். வெளியுறவுத் துறையில் மக்கள் தொடர்புக்கென்று துணைச் செயலாளர் பதவியில் ஷார்லட் பீர்ஸ் அமர்ந்தார். விளம்பர உலகின் பெருந்தலை. எதிர்ப்பு வந்தபோது வெளியுறவுச் செயலாளர் கொலின் பவல், என்னையே அங்கிள் பென்ஸ் அரிசி வாங்கவைத்தவர் ஆயிற்றே என்று பரிந்துபேசினார். ஒன்றரைக் கோடி டாலர் செலவில் குறும்படங்கள் தயாராயின. ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு ரொட்டிக்கடைக்காரர், ஒரு தீயணைப்பு வீரர், அல்ஜீரியாவில் பிறந்து அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களுக்குத் தலைவரான எலியாஸ் ஸெர்ஹூனி. எல்லோரும் முஸ்லிம்கள், எல்லோரும் அமெரிக்காவில் நிம்மதியாக வாழ்கிறோம் என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை. 2002 கடைசியில் படங்கள் வெளிவந்தபோது எகிப்து, ஜோர்டான், லெபனான் அரசுத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்ப மறுத்தன. ஒளிபரப்பான நாடுகளிலும் கொஞ்ச நாளில் நின்றுபோயின. ஈராக் மேல் படையெடுப்பதற்கு அமெரிக்கா துருப்புகளைக் குவித்துக்கொண்டிருந்த வாரங்கள் அவை. ரொட்டிக்கடைக்காரரின் நிம்மதி பற்றி யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை. கேள்வி பாக்தாத்தைப் பற்றி இருந்தது.

2005 செப்டம்பரில் இன்னொருவர் வந்தார். கேரன் ஹியூஸ், புஷ்ஷின் நெருங்கிய ஆலோசகர். கேட்பதற்காக வருகிறேன் என்று சொல்லி எகிப்து, சவூதி அரேபியா, துருக்கி மூன்றுக்கும் போனார். நானும் ஒரு தாய்தான் என்று போகிற இடமெல்லாம் அறிமுகப்படுத்திக்கொண்டார். ஜித்தாவில் தார் அல் ஹிக்மா பெண்கள் கல்லூரி அரங்கில் சுமார் 500 பெண்கள், கறுப்பு அபாயா உடையில். நீங்களும் கார் ஓட்டும் நாள் வரவேண்டும் என்றார் ஹியூஸ். அரங்கில் உற்சாகம் இல்லை. ஒரு பெண் எழுந்து, அரபுப் பெண்கள் சந்தோஷமாக இல்லை என்றே உங்கள் நாட்டில் நினைக்கிறார்கள், நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம் என்றதும் கைதட்டல் எழுந்தது. அடுத்து அங்காராவில் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர்கள் ஈராக் போரைப் பற்றியே அவரைக் கேட்டார்கள்.

பாவம், பண்பாடு தெரியாமல் பேசிவிட்டார் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. இன்னும் பக்குவமாக, இன்னும் அவர்கள் பாணியில் பேசியிருக்கலாமாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கார் ஓட்டும் ஆசை சவூதிப் பெண்களுக்கு இல்லாமல் இல்லை. 1990 நவம்பரிலேயே 47 பெண்கள் ரியாத் வீதியில் வண்டியை ஓட்டிக் காட்டி, வேலையையும் கடவுச்சீட்டையும் இழந்தார்கள். ஈராக்கின் அபூ கிரைப் சிறையில் அமெரிக்க வீரர்கள் கைதிகளை வதைத்த படங்கள் வெளிவந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தபோது, அந்த அரசாங்கத்தின் தூதர் தங்கள் விடுதலைக்காக உருகுவதை அந்த அரங்கில் இருந்தவர்கள் துல்லியமாகப் புரிந்துகொண்டார்கள் என்றுதான் நான் படிக்கிறேன். தடை 2018 ஜூனில் நீங்கியது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, அந்த உரிமைக்காகப் போராடிய லுஜைன் அல் ஹத்லூல் உள்ளிட்ட பெண்களைச் சவூதி அரசு கைது செய்தது. வாஷிங்டன்–ரியாத் உறவில் ஒரு கீறலும் விழவில்லை.

பென்டகனுக்கே ஆலோசனை சொல்லும் பாதுகாப்பு அறிவியல் வாரியம் 2004 செப்டம்பரில் கொடுத்த அறிக்கையை உரையாடல்காரர்கள் அதிகம் எடுத்துப் பேசுவதில்லை. முஸ்லிம்கள் அமெரிக்காவின் சுதந்திரத்தை வெறுக்கவில்லை, அமெரிக்கக் கொள்கைகளைத்தான் வெறுக்கிறார்கள் என்று அதில் வெளிப்படையாக எழுதியிருந்தது. இஸ்ரேலுக்கு ஒருதலைப்பட்ச ஆதரவு, எகிப்திலும் சவூதியிலும் வளைகுடாவிலும் எதேச்சாதிகாரிகளுக்கு ஆதரவு என்று பட்டியலும் உண்டு. எழுதியவர்கள் இடதுசாரிகள் இல்லை, ராணுவ அமைச்சகம் கூட்டிய குழு. இதைவிட யார் வந்து சொல்ல வேண்டும்?

ஒபாமாவை விட்டுவிட்டால் நியாயமாக இருக்காது. 2009 ஜூன் 4 அன்று கெய்ரோ பல்கலைக்கழகத்தில் அவர் பேசியது பீர்ஸ் படங்களைப் போன்றதல்ல. இஸ்ரேலின் குடியேற்றங்கள் நிற்க வேண்டும் என்று பெயர் சொல்லிப் பேசினார்; அரங்கம் கைதட்டியது. அந்த ஆண்டு பியூ கருத்துக்கணிப்பில் எகிப்தியரில் 27 சதவீதம் பேர் அமெரிக்காவை நல்லவிதமாகப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு 17 சதவீதம். 2011 பிப்ரவரி 18-இல் அந்தக் குடியேற்றங்களைக் கண்டிக்கும் தீர்மானம் பாதுகாப்புச் சபைக்கு வந்தபோது 14 நாடுகள் ஆதரித்தன, ஒபாமாவின் அரசு வீட்டோ செய்தது. கெய்ரோவில் கைதட்டிய மாணவருக்கு இங்கே எந்தப் பண்பாட்டு விளக்கம் தேவைப்படும்?

நெருங்கிப் பழகினால் பகை கரையும் என்ற நம்பிக்கையும் இந்தக் கொள்கையோடு ஒட்டிப் பிறந்தது. அருகில் வாழ்வதே புரிதல் ஆகிவிடாது என்பது துபாய்க்கும் தோஹாவுக்கும் போய்வந்த நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எகிப்திய எழுத்தாளர் சையித் குத்பு 1948 முதல் 1950 வரை அமெரிக்காவில் இருந்தார். கொலராடோவின் கிரீலி என்ற சிறு ஊரில், புல்வெளிகளையும் தேவாலய நடன நிகழ்ச்சியையும் நேரில் பார்த்தார். திரும்பி வந்து முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தின் மிகக் கடுமையான எழுத்தாளர் ஆனார். செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்ட, குவைத்தில் வளர்ந்த காலித் ஷேக் முகமது, வட கரோலினாவில் பொறியியல் படித்துப் பட்டம் வாங்கியவர்.

மறுபுறமும் அப்படித்தான். ராஃபேல் படாய் 1973-இல் எழுதிய ‘அரபு மனம்’ என்ற நூலை அமெரிக்க ராணுவப் பயிற்சியில் பாடமாக வைத்திருந்தார்கள். அரபுகளின் மானம், வெட்கம், பாலுணர்வு எல்லாம் அதில் அத்தியாயம் அத்தியாயமாக விளக்கப்பட்டிருந்தன. அபூ கிரைப் கொடுமைகள் அம்பலமான 2004-இல், அரபுகள் அவமானத்துக்கு அஞ்சுவார்கள் என்ற எண்ணம் அந்த நூலிலிருந்து அமெரிக்க அதிகார வட்டாரத்தில் பரவியிருந்ததை சீமோர் ஹெர்ஷ் எழுதினார். 2007-இல் மானுடவியலாளர்களைப் படைப்பிரிவுகளோடு அனுப்பும் திட்டமே தொடங்கியது. அமெரிக்க மானுடவியல் சங்கத்தின் நிர்வாகக் குழு அதை ஏற்க மறுத்து அறிக்கை விட்டது. கைதியை எப்படிச் சிறுமைப்படுத்தினால் வலிக்கும் என்று தெரிந்துகொள்வதும் ஒருவகைப் பண்பாட்டு அறிவுதான்.

பண்பாடுகள் கலப்பதற்கு மேடை போட்டுக் கொடுக்க வேண்டியதும் இல்லை, அவை தாமாகவே கலந்தன. நியூயார்க்கின் வாஷிங்டன் தெருவில் ‘சின்ன சிரியா’ என்று ஒரு பேட்டை இருந்தது. அரபிப் பத்திரிகைகள் அங்கிருந்து வெளிவந்தன. கலீல் ஜிப்ரான், அமீன் ரிஹானி, மிகாயில் நுஐமா போன்றோர் எழுதியதும் 1920-இல் பேனாக் கழகம் உருவானதும் அந்த நகரத்தில்தான். நவீன அரபிக் கவிதையின் திருப்பங்களில் ஒன்று மன்ஹாட்டனின் தென்முனையில் நடந்தது. 1940-களில் சுரங்கச் சாலைக்காகப் பேட்டையின் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். அதற்குச் சற்று வடக்கே பிற்பாடு உலக வர்த்தக மையம் எழுந்தது. அரபிக்கும் அமெரிக்க மண்ணுக்கும் ஒட்டாது என்பவர்கள் அந்த ஜில்லாவின் பழைய வரைபடத்தைப் பார்க்கலாம்.

அப்படியானால் பேச்சே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், பேச்சை விட்டால் வேறு வழியும் இல்லை. ஆனால் எதைப் பற்றி, யாரோடு என்பதைச் சொல்லாமல் உரையாடல் என்று பொதுவாகப் புகழ்வதில் எனக்கு அலுப்பு வந்துவிட்டது.

ஜெஹான் நுஜைம் எடுத்து 2004-இல் வெளிவந்த ‘கண்ட்ரோல் ரூம்’ ஆவணப்படத்தில் ஓர் உரையாடல் இருக்கிறது. ஈராக் போர் தொடங்கிய நாட்கள், தோஹாவில் அமெரிக்கப் படையின் ஊடக மையம். ஜாஷ் ரஷிங் என்ற இளம் மரைன் அதிகாரிக்கு அங்கே செய்தியாளர்களைச் சமாளிக்கும் வேலை. அல் ஜசீராவின் ஹசன் இப்ராஹிம் அவரோடு நாள்தோறும் மல்லுக்கு நிற்கிறார். பண்பாட்டைப் பற்றி அல்ல. போர் எதற்கு, செத்தவர்கள் யார், எதைக் காட்டலாம் என்பதைப் பற்றி. ஒருநாள் அல் ஜசீரா, கொல்லப்பட்ட அமெரிக்க வீரர்களின் உடல்களைக் காட்டியது. ரஷிங்குக்கு வயிற்றைப் பிரட்டியது. முந்தைய இரவு பஸ்ரா குண்டுவீச்சில் செத்த ஈராக்கியரின் படங்களையும் இதே திரையில் பார்த்தோமே, பார்த்துவிட்டு அநேகமாக இரவுச் சாப்பாட்டுக்குப் போயிருப்போமே என்று அவரே கேமராவைப் பார்த்துச் சொல்கிறார். யாரும் அவருக்குப் பாடம் நடத்தவில்லை. எதிராளியின் திரையில் தன் படையின் காரியத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். படம் வெளியானதும் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று மேலிடம் தடுத்தது. அவர் படையிலிருந்து விலகி, பின்னால் அல் ஜசீராவின் ஆங்கில ஒளிபரப்பிலேயே சேர்ந்தார்.

அதே அல் ஜசீராவின் பாக்தாத் அலுவலகம் எங்கே இருக்கிறது என்ற விவரத்தைப் போருக்கு முன்பே அந்த நிறுவனம் பென்டகனுக்குக் கடிதமாகக் கொடுத்திருந்தது. 2003 ஏப்ரல் 8 அன்று அமெரிக்க ஏவுகணை அந்த அலுவலகத்தைத் தாக்கியதில் செய்தியாளர் தாரிக் அய்யூப் இறந்தார்.

அரபு அரசுகளைத் தப்பவிடும் எண்ணமும் எனக்கு இல்லை. அமெரிக்காவைத் திட்டுவதற்கு மட்டும் வாய்ப்பூட்டைத் திறந்துவிட்டு, சொந்தச் சிறைகளைப் பற்றிக் கேட்டால் கேட்டவனையே சிறையில் தள்ளும் ஆட்சிகள் அவை. பீர்ஸ் படங்களை மறுத்த தொலைக்காட்சிகள் தங்கள் எதிர்க்கட்சிக்காரர் முகத்தையும்தான் காட்டவில்லை. ஜமால் கஷோக்ஜி 2017 முதல் வாஷிங்டன் போஸ்ட்டில் எழுதினார். அரபு நாட்டுச் சேதியை அமெரிக்கருக்கு அவர்கள் பத்திரிகையிலேயே சொன்ன சவூதிக்காரர். திறந்த உரையாடலுக்கு ஓர் உருவம் கொடுக்க வேண்டுமானால் அவரைத்தான் காட்ட முடியும். 2018 அக்டோபர் 2 அன்று இஸ்தான்புல்லில் சவூதித் துணைத் தூதரகத்துக்குள் போனவரைக் கொன்றார்கள். அவர் கடைசியாக அனுப்பிய, அரபு உலகத்துக்குக் கருத்துச் சுதந்திரம் வேண்டும் என்ற கட்டுரை அவர் இறந்த பிறகே அச்சானது. அவரைப் பிடிக்கவோ கொல்லவோ எடுத்த அந்த நடவடிக்கைக்குச் சவூதிப் பட்டத்து இளவரசர் ஒப்புதல் கொடுத்தார் என்று 2021-இல் அமெரிக்க உளவுத்துறை மதிப்பிட்டு வெளியிட்டது, இளவரசர் மறுத்தார். 2022 ஜூலையில் ஜோ பைடன் ஜித்தா போய் அவரோடு முஷ்டியை முட்டிக்கொண்டார். பெட்ரோல் விலை ஏறியிருந்த கோடை அது. பேசினவர் புதைக்கப்பட்ட இடம்கூடத் தெரியவில்லை, கைமுட்டல் மட்டும் எல்லாப் பத்திரிகையிலும் படமாக வந்தது.

ஆகவே உரையாடலுக்கு எதிரிகள் பண்பாடுகளில் இல்லை. இரண்டு பக்கத்து அதிகாரத்திலும் இருக்கிறார்கள், அவர்கள் ஒருவருக்கொருவர் சிநேகிதர்கள்.

எந்தப் பேச்சு வேண்டும் என்பதற்கு ஓர் ஊரைப் பார்க்கலாம். மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்னில் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மத்திய கிழக்கு வம்சாவளியினர். ஃபோர்டு கார் ஆலைகளுக்கு வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அங்கே ஏராளம். மேயர் அப்துல்லா ஹமூத், லெபனானிலிருந்து குடியேறியவர்களின் மகன். காஸா போர் நடந்துகொண்டிருந்த 2024 ஜனவரியில், பைடனின் தேர்தல் பிரச்சார மேலாளர் ஊருக்கு வந்து அரபுச் சமூகத் தலைவர்களைச் சந்திக்க விரும்பினார். ஹமூத் மறுத்துவிட்டார். எங்கள் உறவினர்கள் செத்துக்கொண்டிருக்கும்போது வாக்குக் கணக்குப் பேச முடியாது, கொள்கை வகுப்பவர்களை அனுப்புங்கள் என்பது அவர் நிலை. உரையாடலுக்கு நீண்ட கையைத் தட்டிவிடலாமா என்று அப்போது பலர் வருத்தப்பட்டார்கள். புரிதல் கொள்கையை ஏற்றுக்கொண்டால் அந்த வருத்தம் நியாயம்தான். எந்தப் பேச்சும் நல்ல பேச்சுதானே.

பிப்ரவரி 8 அன்று வெள்ளை மாளிகை வேறு ஆட்களை அனுப்பியது. தேசியப் பாதுகாப்புத் துணை ஆலோசகர் ஜான் ஃபைனர், வெளிநாட்டு உதவி முகமையின் தலைவர் சமந்தா பவர் எல்லாம் டியர்பார்னில் வந்து உட்கார்ந்தார்கள். தாங்கள் தவறுகள் செய்ததாக ஃபைனர் ஒப்புக்கொண்டார். மூடிய அறையில் சொன்னது ஒலிப்பதிவாகி மறுநாளே நியூயார்க் டைம்ஸில் வந்துவிட்டது. ஊர்க்காரர்களின் நம்பிக்கையைப் பெற வந்தவர்கள், முதல்முறையாகத் தங்கள் செய்கைக்குப் பதில் சொன்னார்கள். முதல் சந்திப்பை மறுத்ததால்தான் இரண்டாவது சந்திப்பு கிடைத்தது.

அதனால் என்ன ஆயிற்று என்றால், உடனடியாக ஒன்றும் ஆகவில்லை. பிப்ரவரி 20-இல் அல்ஜீரியா கொண்டுவந்த போர்நிறுத்தத் தீர்மானத்தை அமெரிக்கா வீட்டோ செய்தது. ஒரு வாரம் கழித்து மிச்சிகன் ஜனநாயகக் கட்சி முதல்நிலைத் தேர்தலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் யாருக்கும் உறுதியில்லை என்ற கட்டத்தில் குறியிட்டார்கள். அதில் அரபு அமெரிக்கர் மட்டும் இல்லை. மாணவர்கள், கறுப்பினத்தவர், வெள்ளையர், யூதர்கள் எல்லோரும் இருந்தார்கள். அவர்களில் எவரும் அரபுப் பண்பாடு பற்றிய பயிலரங்குக்குப் போய்விட்டு வந்து அந்தக் குறியைப் போடவில்லை.